கொத்தோவும் வில்லும்: நரம்புக் கருவிப் பெயர்களில் ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்

பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முராசாகி ஷிகிபு என்னும் அரண்மனைப் பெண்மணி எழுதிய 'கெஞ்சி கதை'யில், 'இளந்தளிர்கள்' என்னும் பெயருடைய நீண்ட அத்தியாயத்தின் பிற்பகுதியில் ஓர் இசையரங்கு இடம்பெறுகின்றது. கெஞ்சியின் மாளிகைப் பெண்டிர் நால்வர் நான்கு நரம்புக் கருவிகளை இசைக்கின்றனர். அக்காஷிப் பெருமாட்டி பிவாவையும், முராசாகி என்னும் தலைவி ஆறு நரம்புடைய வாகொன் என்பதையும், அக்காஷி இளவரசி பதின்மூன்று நரம்புடைய ஸோ என்பதையும், மூன்றாம் இளவரசி ஏழு நரம்புடைய கின் என்பதையும் ஏந்துகின்றனர். எவர் கையில் எக்கருவி என்பது இங்குத் தற்செயலானது அன்று. கின் சீனச் சான்றோர்க்குரிய கருவி. முராசாகி எழுதிய காலத்திலேயே ஜப்பானில் அருகிப்போனது. துறவு பூண்ட பேரரசரின் மகள் அதனைக் கற்கிறாள், கற்பிப்பவன் கெஞ்சி, தந்தையின் முன் அவள் அதனை வாசித்துக் காட்ட வேண்டும் என்பவை கதையின் போக்கைத் தாங்கும் செய்திகள். வாகொன் அந்நாட்டுக் கருவி. அயலிலிருந்து வந்த இலக்கணம் அதற்கு இல்லை.

இக்காட்சியைத் தமிழில் பெயர்ப்பவர் நான்கனையும் 'யாழ்' என்றோ 'வீணை' என்றோ எழுதிவிட்டால், நான்கு பெண்களும் ஒரே கருவியை வாசிக்கும் ஒரு கச்சேரி மட்டுமே எஞ்சும். ஆங்கிலத்தின் வழியே பெயர்ப்பவர்க்கு இந்த இடர் இருமடங்காகின்றது. மூலத்தின் பெயர் ஒருமுறை ஆங்கிலத்தில் பொதுச் சொல்லாகி, பின்னர் தமிழில் மற்றொரு பொதுச் சொல்லாகி நிற்கின்றது. யாழ் என்ற சொல்லே ஆங்கில மொழிபெயர்ப்புகளில் நெடுங்காலம் வேறொரு கருவியின் பெயரைச் சுமந்து வந்ததை அறிந்தவர்க்கு இவ்விடர் புதியதன்று. கழுத்தும் மெட்டும் இல்லாத யாழை, கழுத்துடைய மேலைக் கருவியின் பெயரால் வழங்கியமையால் சங்க இலக்கியத்தின் அயல்நாட்டு வாசகர் பலர் பாணனின் கையில் இல்லாத ஒன்றையே கற்பனை செய்து வந்தனர்.

சிக்கலின் வேர் ஜப்பானிய மொழியிலேயே இருக்கின்றது. 'கொத்தோ' என்பது தொடக்கத்தில் ஒரு தனிக்கருவியின் பெயரன்று; நரம்புக் கருவிகளுக்கெல்லாம் பொதுப்பெயர். கின் நோ கொத்தோ, ஸோ நோ கொத்தோ, பிவா நோ கொத்தோ என அடைகொடுத்தே பழைய நூல்கள் வேறுபடுத்தின. வடமொழியில் வீணை என்னும் சொல் வில்வடிவக் கருவி முதல் மெட்டுடைய கருவி வரை பலவற்றைச் சுட்டியதும், தமிழில் யாழ் என்பது பேரியாழ், செங்கோட்டியாழ், வில்யாழ் என அடையேற்றுப் பொதுச்சொல்லாய் நின்றதும் இதனோடு ஒப்பிடத்தக்கன. பொதுப்பெயர் காலப்போக்கில் ஒன்றனுக்கே உரிய சிறப்புப்பெயராகச் சுருங்குவது பொருள் மாற்றத்தில் அடிக்கடி காணப்படும் வகை. இன்று கொத்தோ என்றால் பதின்மூன்று நரம்புக் கருவியே. இன்று வீணை என்றால் தஞ்சாவூர் வீணையே. ஆகவே ஒரு நூற்றாண்டின் பனுவலில் உள்ள சொல்லை மற்றொரு நூற்றாண்டின் பொருளில் படிக்கும் தவறு இரு மொழிகளிலும் ஒரே வகையாக நேர்கின்றது.

எழுத்து வழக்கும் இக்குழப்பத்தைக் கூட்டியுள்ளது. ஸோ, கின் என்னும் இரு கருவிகளுக்கும் தனித்தனிச் சீன எழுத்துகள் உண்டு. இரண்டாம் உலகப்போருக்குப் பின் 1946இல் அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பானிய அரசு வகுத்த எழுத்துப் பட்டியலில் ஸோவுக்குரிய எழுத்து சேர்க்கப்படவில்லை. இதனால் பதின்மூன்று நரம்புக் கருவியை ஏழு நரம்புக் கருவியின் எழுத்தால் எழுதும் வழக்கம் பரவி நிலைத்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடோ பெரிது. கின்னுக்கு நகரும் குதிரை இல்லை. கொத்தோவுக்கு நரம்பு ஒவ்வொன்றன் அடியிலும் ஒரு குதிரை உண்டு.

கருவியின் வரலாறும் அமைப்பும்

ஜப்பானில் சீனத் தொடர்புக்கு முன்னரே ஒருவகைக் கொத்தோ இருந்தது. கல்லறை மேடுகளில் வைக்கப்பட்ட சுடுமண் உருவங்களுள் மடியில் இத்தகைய கருவியை வைத்திருக்கும் ஆளுருவங்கள் கிடைத்துள்ளன. வாகொன் இம்மரபில் வந்தது. யமத்தோகொத்தோ என்னும் பெயரும் அதற்கு உண்டு. பதின்மூன்று நரம்புடைய ஸோ, தாங் காலச் சீனத்திலிருந்து நாரா காலத்தை ஒட்டி அரசவை இசைக்குழுவோடு வந்து சேர்ந்தது. நாராவின் ஷோஸோயின் கருவூலத்தில் எட்டாம் நூற்றாண்டுக் கருவிகளின் பகுதிகள் இன்றும் காக்கப்படுகின்றன.

பல நூற்றாண்டுகள் அரசவைக்குள் நின்ற கருவி, பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கியூஷுத் தீவில் கெஞ்ஜுன் என்னும் துறவியால் தனி மரபாயிற்று. பதினேழாம் நூற்றாண்டில் அதனைப் பொதுமக்களிடம் கொண்டுவந்தவர் யத்சுஹாஷி கெங்க்யோ (1614–1685). அரைச்சுர இடைவெளி கொண்ட ஹிராஜோஷி என்னும் சுருதியமைப்பு அவரது பெயரோடு இணைத்துச் சொல்லப்படுகின்றது. 'கெங்க்யோ' என்பதைக் குடும்பப் பெயராகக் கொள்ளும் தவறு மொழிபெயர்ப்புகளில் அரிதன்று. அது கண்பார்வையற்ற இசைஞர் சங்கத்தின் உயர்ந்த படிநிலைப் பட்டம். அச்சங்கம் 1871இல் அரசாணையால் கலைக்கப்பட்டது. அதே பட்டம் பெற்ற இகுதா (1656–1715), யமதா (1757–1817) ஆகியோரின் பெயரால் இரு பள்ளிகள் இன்றும் நிலவுகின்றன. இகுதாப் பள்ளியார் சதுர நகமும் யமதாப் பள்ளியார் கூரிய வளைவுடைய நகமும் அணிகின்றனர். இருபதாம் நூற்றாண்டில் மியாகி மிச்சியோ (1894–1956) 1921இல் பதினேழு நரம்புடைய தாழ்சுருதிக் கொத்தோவை உருவாக்கினார்.

உடல் கிரி எனப்படும் பவ்லோனியா மரத்தால் ஆனது. இலேசான, விரைவில் வளரும் மரம் இது. ஃபுகுஷிமாப் பகுதியின் அய்சுவில் குளிரில் மெல்ல வளர்ந்த மரத்துக்கு மதிப்பு மிகுதி. அறுத்த மரத்தை வெயிலிலும் மழையிலும் நெடுநாள் கிடத்திப் பதப்படுத்துவர். பின்னர் மேற்புறம் சற்றே வளைந்திருக்குமாறு இழைத்து, உட்புறம் குடைந்து, கீழே பலகை பொருத்துவர். அப்பலகையில் இரண்டு ஒலித்துளைகள் இருக்கும். உயர்ந்த கருவிகளின் உட்சுவரில் மீன்முள் போன்ற சாய்கோட்டுச் செதுக்கல் உண்டு. மேற்புறத்தைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் தீய்த்துத் தேய்க்கும்போது மரத்தின் ரேகைகள் துலங்குகின்றன. நீளம் ஏறத்தாழ 180 செ.மீ.; அகலம் 25 செ.மீ. அளவினது. நரம்புகள் அனைத்தும் ஒரே இழுவிசையில் கட்டப்படுவதால், சுரத்தைத் தீர்மானிப்பது பிரடை அன்று. நரம்புக்கு அடியில் நகர்த்தி நிறுத்தப்படும் குதிரையே. வலக்கையின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றிலும் நகம் அணிந்து மீட்டுவர். குதிரைக்கு அப்பால் இடக்கையால் நரம்பை அழுத்திச் சுரத்தை உயர்த்துவர். முன்பு பட்டு நூலும் தந்தக் குதிரையும் வழங்கின. இக்காலத்தில் செயற்கை இழையும் நெகிழியும் பெரிதும் அவற்றின் இடத்தைப் பிடித்துள்ளன.

உறுப்புப் பெயர்கள்

ஜப்பானியர் இக்கருவியைப் படுத்திருக்கும் ஒரு டிராகனாகக் காண்கின்றனர். வாசிப்பவரின் வலப்பக்க முனை டிராகன் தலை; மறுமுனை வால்; தலைப்பக்கத்தில் நரம்பைத் தாங்கும் நிலைத்த கட்டை டிராகன் கொம்பு; முனையின் நாக்கு வடிவத் தகடு டிராகன் நாக்கு. வால்பக்கக் கட்டைக்கு மட்டும் 'மேகக் கொம்பு' என்று பெயர். டிராகனுக்கு 'யாளி' என்று பெயர்ப்பது தமிழில் எளிதாகத் தோன்றும். வீணையின் கோடியில் யாளி முகம் அமைந்திருப்பதும் அத்தோற்றத்துக்குத் துணைசெய்யும். எனினும் வீணையில் யாளி ஒரு முனையின் அணி மட்டுமே; கொத்தோவிலோ கருவி முழுவதுமே ஓர் உயிர். யாளி என்று பெயர்த்தால் இந்த உருவகத்தின் அளவு குறைந்துபோகும். 'டிராகன்' என்றே எழுதுவதால் இழப்பு ஏதுமில்லை.

மாறாக, நரம்பைத் தாங்கும் கட்டைக்குக் 'குதிரை' என்ற சொல்லைத் தயங்காது பயன்படுத்தலாம். தமிழ்நாட்டிலும் திருவிதாங்கூரிலும் வீணை செய்வோர் வழங்கும் சொல் அது. ஜப்பானியச் சொல்லின் பொருள் தூண். சீனத்தில் அதனை 'வாத்துத் தூண்' என்பர். சாய்வரிசையில் நிற்கும் குதிரைகள் பறக்கும் காட்டுவாத்துகளின் அணியை நினைவூட்டுவதே காரணம். கனசாவா நகரின் கென்ரோக்குயென் தோட்டத்தில் இரு காலூன்றி நிற்கும் புகழ்பெற்ற கல்விளக்கின் பெயர் 'கொத்தோஜி' விளக்கு. கொத்தோக் குதிரையின் வடிவத்தால் வந்த பெயர். இவ்விடத்தில் 'குதிரை விளக்கு' என்று எழுதினால் தமிழ் வாசகர் விலங்கையே தேடுவர். 'கொத்தோக் குதிரை விளக்கு' என விரித்தல் வேண்டும்.

நரம்பைக் குறிக்கும் சொற்கள் தனியே நின்று நோக்கத்தக்கன. கொத்தோவின் நரம்பை ஜப்பானியர் 'இதோ' என்பர்; நூல் என்று பொருள். பட்டால் ஆனதற்கு நூல் என்னும் பெயர் இயல்பு. தமிழில் 'நரம்பு' உடலின் உறுப்பிலிருந்து வந்தது. அது கருவிக்கு மட்டும் நில்லாமல், பண்டை இசையுரைகளில் சுரத்துக்கே பெயராயிற்று. 'தந்தி' வடமொழிவழி வந்து உலோகக் கம்பியைக் குறித்து, பின்னர் மின்செய்தியையும் குறித்தது. 2013இல் நாட்டின் தந்திச் சேவை நிறுத்தப்பட்ட பின்னரும் அச்சொல் ஒரு நாளிதழின் பெயரிலும் வீணைக் கம்பியிலும் வாழ்கின்றது. பட்டுக் கொத்தோவைப் பற்றிய பழங்கதையில் 'தந்தி' என்று எழுதுவது உலோக ஓசையை வாசகரின் செவியில் ஏற்றிவிடும். 'நரம்பு' பொதுமை கருதி ஏற்கத்தக்கது.

பதின்மூன்று நரம்புகளின் பெயர்களில் மொழியியலார் விரும்பும் ஒரு தொல்லெச்சம் உள்ளது. முதல் பத்துக்கும் ஒன்று, இரண்டு என எண்ணே பெயர். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்பவற்றுக்கோ தோ, இ, கின் என்னும் பெயர்கள் வழங்குகின்றன. பண்டு பதின்மூன்றுக்கும் அன்பு, அறிவு முதலாகத் தனிப்பெயர்கள் இருந்தன. எண்கள் புகுந்தபோது கடைசி மூன்று மட்டும் தப்பின. பதினொன்று முதலான எண்கள் ஜப்பானியத்தில் இரு எழுத்தாலானவை. ஓரெழுத்தால் எழுதும் வசதியே பழம்பெயர்களைக் காத்தது எனக் கொள்ள இடமுண்டு. இங்குவரும் 'கின்' வேறு, ஏழு நரம்புக் கருவியான 'கின்' வேறு என்பதை மொழிபெயர்ப்பாளர் மறத்தல் கூடாது.

ஒலிபெயர்ப்பும் ஒப்பீடும்

தமிழ் அச்சில் இக்கருவியின் பெயர் பெரும்பாலும் 'கோட்டோ' எனக் காணப்படுகின்றது. ஆங்கிலத்தின் நுனியண்ண ஒலியைத் தமிழர் செவி டகரமாகக் கேட்பதன் விளைவு இது. ஜப்பானிய ஒலி பல்லொலி. ஆகவே தகரமே பொருந்தும். உயிரிடை ஒற்றைத் தகரம் தமிழில் நெகிழ்ந்து ஒலிக்குமாதலால், வல்லோசையைக் காக்க இரட்டித்தல் தவிர்க்க இயலாதது. முதலுயிர் குறில். ஈற்றில் ஒகரக் குறில் நிற்பதைத் தமிழ் மரபு ஏற்பதில்லை. எனவே நெடிலாதல் வேண்டும். 'கொத்தோ' என்ற வடிவம் இவ்வாறு இரு மொழிகளின் விதிகளும் இசையும் எல்லையில் நிற்கின்றது. கூட்டுச்சொல்லில் முதல் வல்லெழுத்து மெலிந்து ஒலிப்பதைத் தமிழ் எழுத்து காட்டுவதில்லை. யமத்தோகொத்தோவின் ககரத்தைப் படிப்பவர் மெலித்தே படிக்க வேண்டும்.

ஜப்பானிய அறிஞர் ஓனோ சுசுமு (1919–2008) தமிழையும் ஜப்பானியத்தையும் உறவு மொழிகளாகக் காட்ட முயன்ற கருத்து 1980களில் பெரிதும் பேசப்பட்டது. வரலாற்று மொழியியலாரிடையே அது பரவலான ஏற்பைப் பெறவில்லை. அக்காலச் சூழலில் வளர்ந்தவர்க்குக் 'கொத்தோ' என்றவுடன் யாழின் தண்டாகிய 'கோடு' நினைவுக்கு வருதல் இயல்பே. ஒலியும் பொருளும் கைகோத்து நிற்பதுபோல் தோன்றும் இவ்விணை, சோதனைக்கு நிற்பதில்லை. கோடு நெட்டுயிரும் நாவளை ஒலியும் உடையது. அதன் அடி வளைவைக் குறிப்பது. மருப்பையும் கொம்பையும் மலைமுகட்டையும் அதுவே குறிக்கின்றது. கொத்தோவில் வளைந்த தண்டு என்னும் உறுப்பே இல்லை. தனி ஒப்புமை ஒன்றைக் கொண்டு உறவு காண்பதாயின், ஜப்பானியத்தில் 'சொல்' என்றும் 'செய்தி' என்றும் பொருள்படும் வேறு இரு 'கொத்தோ'க்களுக்கும் தமிழில் இணை தேட நேரும்.

கொத்தோவின் உறவு எது?

ஹார்ன்போஸ்டல், ஸாக்ஸ் என்னும் இருவர் 1914இல் வெளியிட்ட கருவி வகைப்பாடு இவ்வினாவுக்கு எளிய சோதனை ஒன்றைத் தருகின்றது. நரம்பைத் தாங்கும் உடலிலிருந்து ஒலிப்பெட்டியை நீக்கினாலும் கருவி சிதையாது நிற்குமாயின், அல்லது ஒலிப்பெட்டியே இல்லாதிருக்குமாயின், அது எளிய நரம்புக் கருவி. நீக்கினால் சிதையுமாயின் அது கூட்டுக் கருவி. கொத்தோ முதல்வகை, வளைந்த மேற்புறத்தால் அதனை அரைக்குழல் வடிவினது என்பர். யாழ் இரண்டாம் வகை. பொருநராற்றுப்படை விரித்துரைக்கும் பத்தர், போர்வை, மருப்பு என்னும் உறுப்புகளில் பத்தரை எடுத்துவிட்டால் மருப்பு ஒரு வளைந்த கழியே. விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த 'யாழ் நூல்' வழியாகப் பழந்தமிழ் யாழை மீட்டெடுக்க முயன்றபோது எதிர்கொண்ட கருவி இக்கூட்டு வகையினதே. தஞ்சாவூர் வீணையும் கூட்டுக் கருவியே. அதன் குடம் பலாமரத்தில் தண்டோடு இணைந்து நிற்பது. எனவே கொத்தோவை யாழ் என்பதும் வீணை என்பதும் அமைப்பு நோக்கில் ஒக்கும் பிழைகளே.

தமிழ் வழங்கும் நிலத்தில் கொத்தோவின் வகைக்குள் அடங்கும் கருவி ஒன்று உண்டு. அது பலரும் நரம்புக் கருவியென்றே எண்ணாத வில். வில்லுப்பாட்டின் வில் வைரம் பாய்ந்த பனைமரத்தாலோ மூங்கிலாலோ ஆனது, பத்தடிக்கு மேற்பட்ட நீளமுடையது, முறுக்கிய தோல் நாண் பூண்டது, மணிகள் கட்டப்பெற்றது. அதனைப் பெரிய மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்து நிறுத்தி, நாணை வீசுகோல்களால் அடித்துப் பாடுவர். பாட்டு முடிந்ததும் கட்டை அவிழ்த்தால் வில் வில்லாகவும் குடம் குடமாகவும் தனித்தனியே நிற்கும். 1914ஆம் ஆண்டு வகைப்பாட்டின் சோதனையை ஒவ்வொரு கொடைவிழாவின் விடியலிலும் கலைஞர்கள் நிகழ்த்திக் காட்டுகின்றனர் எனலாம்.

இரு 'குடம்'களை இங்கு ஒப்பிடுதல் தகும். வீணையின் குடம் உருவகம். வில்லின் குடம் உண்மையான குடம். ஒரே சொல் கூட்டுக் கருவியின் பிரியா உறுப்பையும் எளிய கருவியின் பிரியும் துணையையும் சுட்டுகின்றது. பெயரிடும் மக்கள் நோக்கியது இணைப்பு முறையை அன்று, முழங்கும் வெற்றிடத்தை. அதேபோல் வில்லில் கட்டிய தோல் 'நாண்' எனப்படுமே தவிர 'நரம்பு' எனப்படுவதில்லை. சுரம் தருவது நரம்பு, தாளம் தருவது நாண் என்னும் பாகுபாடு வழக்கில் தானாகவே அமைந்துள்ளது. பெரும்பாணாற்றுப்படையின் இடையன் குமிழங் கொம்பில் மரல்நார் பூட்டிச் செய்த வில்யாழில் இசை பிறந்தது. ஆகவே அவன் கட்டியது நாராயினும் நரம்பு என்னும் பெயர் பெறுகின்றது. குமிழும் கிரியைப் போல இலேசான மரம் என்பது கூடுதல் ஒற்றுமை.

வில்லுப்பாட்டின் நிலம் நெல்லை, குமரி முதல் திருவனந்தபுரத்தின் தென்பகுதி வரை பரந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லையின் இப்பால் 'வில்லுப்பாட்டு', அப்பால் 'வில்லடிச்சான் பாட்டு' என ஒரே கலை இரு பெயர் பெற்றது. இரவிக்குட்டிப் பிள்ளைப் போர் போன்ற கதைப்பாடல்களைத் தமிழறிஞர் தமிழ்க் கதைப்பாடல் என்றும், மலையாள அறிஞர் தெக்கன் பாட்டு என்றும் தத்தம் வரலாற்றில் சேர்க்கின்றனர். பாடலின் மொழியோ இரண்டு இலக்கணங்களுக்கும் முழுதாக அடங்காதது. இருபதாம் நூற்றாண்டில் என்.எஸ். கிருஷ்ணன், சுப்பு ஆறுமுகம் (1928–2022) போன்றோர் வழியே சென்னை மேடைக்கு வந்த வில்லுப்பாட்டில், சாமி கதை பின்தங்கிச் சமூகக் கதை முன்வந்தது. ஆயினும் வில், குடம், வீசுகோல், உடுக்கை என்னும் கருவிச் சொற்கள் மாறவில்லை.

திருவனந்தபுரத்தில் 'வில்லு' என்ற சொல்லைப் பெயர்ப்பவர் மேலும் ஒரு தடையைச் சந்திக்க நேரும். நடுக்கேரளத்தின் திருச்சூர், பாலக்காட்டுப் பகுதிகளில் 'ஓணவில்லு' என்பது மூங்கிற் சிம்பை நாணாகப் பூண்ட சிறு இசைவில். தோளில் சாய்த்துச் சிறுகோலால் அடிப்பர். அதில் தாயம்பகை வாசிப்பவரும் உண்டு. திருவனந்தபுரத்திலோ 'ஓணவில்லு' என்றால் பத்மநாபசுவாமி கோயிலில் திருவோண நாளன்று காணிக்கையாக்கப்படும் மரப்பலகை. இருபுறமும் முனை ஒடுங்கிப் படகுபோல் தோன்றும் அதன்மேல் அனந்தசயனம், தசாவதாரம், இராமர் பட்டாபிடேகம் முதலிய காட்சிகள் தீட்டப்பட்டிருக்கும். சிவப்புக் கயிறும் குஞ்சமும் அதில் கட்டப்படுகின்றன. அக்கயிற்றுக்கும் ஞாண் என்றே பெயர். அதனை எவரும் மீட்டுவதில்லை, அடிப்பதுமில்லை.